மூன்றாவது மாடியில் ஒரு கருங்கன்னி: வேட்டை நாயை வீட்டுக்குள் வளர்த்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் நாய், பூனைகளுக்கான சிறிய மருத்துவமனை நடத்தும் கால்நடை மருத்துவர் நான். 2022 தொடக்கத்திலிருந்து 2024 கடைசி வரை என்னிடம் வந்துபோன ஒரு கன்னி நாயைப் பற்றி, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். நாயின் பெயரையும் மாற்றி, மின்னி என்று வைத்திருக்கிறேன். நாட்டு நாய் வாங்க நினைப்பவர்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் என் போன்ற மருத்துவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

வடவள்ளி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அப்பா பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். அம்மா பள்ளி ஆசிரியை. ஒன்பது வயதில் ஒரு மகள். அப்பாவின் தாயாரும் கூடவே இருக்கிறார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அவருடைய தாத்தா காலத்தில் வீட்டில் எப்போதும் இரண்டு நாய்களாவது இருந்திருக்கின்றன. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். அந்த ஊர்ப் பெயரே அந்த இனத்துக்கும் பெயர். அதே ஒல்லி உடம்பு, அதே நீண்ட முகத்தோடு, கறுப்பு உடம்பும் கால், மார்பு, புருவத்தில் செம்மஞ்சளும் கொண்டது கன்னி. கருங்கன்னி என்றும் சொல்வார்கள். இரண்டும் முகர்ந்து தேடுவதைவிடக் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். காட்டில் முயல் கிளம்பியதும் பாய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தவை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். வேட்டை நின்றதும் இந்த நாய்களுக்கான தேவையும் குறைந்தது. பிறகு நாட்டு இனங்கள் மேல் திடீரென்று ஓர் அன்பு பெருகியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லி வாங்கி வளர்க்கச் சொன்ன பிறகு என்னிடம் வரும் நாட்டு நாய்க் குட்டிகள் கண்ணுக்குத் தெரியக் கூடின. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் வந்த குட்டிகளில் பல, ஓட இடமில்லாத வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போன அப்பா, பங்காளி வீட்டில் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மாதப் பெண் குட்டி. உள்ளங்கை அகல மார்பு, சாட்டை மாதிரி வால்.

முதல் ஓராண்டு

தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டன. ஏழாவது மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்தது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்ததில் தேறிவிட்டது. இந்தக் காலத்தில் குறைந்தது ஐந்து முறை அது என் மேஜைமேல் ஏறியிருக்கும். எங்கே தூங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

வீட்டில் நடந்ததைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பாட்டிக்கு நாயைப் பிடிக்கும், ஆனால் வீட்டுக்குள் வருவது பிடிக்காது. "எங்க ஊர்ல நாய் திண்ணையோட சரி தம்பி. சாமி விளக்கேத்துற வீட்டுக்குள்ள அது எதுக்கு வரணும்?" என்று என்னிடமே சொன்னார். அதில் தவறில்லை. ஊரில் திண்ணைக்கு அடுத்தது தெரு, தெருவுக்கு அடுத்தது காடு. திண்ணை நாய் நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்து படுக்கும். இங்கே திண்ணைக்குப் பதில் ஆறடிக்கு நாலடி பால்கனி. குட்டியாக இருந்தவரை ஹாலில் திரிந்த மின்னியை, எட்டாவது மாதத்தில் சோஃபாவைக் கிழித்த பிறகு, அங்கே நாலடிச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை அங்கேதான். இரண்டு வேளையும் கீழே இறக்கி, கார் நிறுத்தும் இடத்தில் பத்து நிமிடம் நடத்திவிட்டு மேலே கொண்டுவருவார்கள்.

சாப்பாடு மட்டும் ஏராளம். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இது, விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கு, சோறு போடுறதில்லையா?" என்று கேட்க, வெட்கப்பட்டுப் பாக்கெட் தீனியோடு சோறும் கோழிக்கறியும் மூன்று வேளை கொடுத்தார்கள். கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதுதான் ஆரோக்கியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நடந்த சம்பவம்

2023 பிப்ரவரி, ஒரு மாலை. அப்பா மின்னியை லிஃப்டில் இறக்கிக் கூட்டிவந்தார். கதவு திறந்ததும், நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து ஒரு பூனை வெளியே ஓடியது. மின்னி முன்னால் இழுத்தது. அவர் பிடித்து நிறுத்தினார். உடனே அது பின்வாங்கித் தலையைக் குனிந்து ஒரு உலுக்கு உலுக்கியது. சங்கிலியும் கழுத்து பெல்ட்டும் அவர் கையில் தொங்கின. அவர் கத்திக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே கவ்வல்.

முதல் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் பூனை அது. ஆறு வருடமாக அவருடன் இருந்தது.

அன்றிரவே குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நாயை ஒரு வாரத்தில் அப்புறப்படுத்த வேண்டும் என்றார்கள். "இன்னைக்குப் பூனை, நாளைக்குக் குழந்தை" என்று ஒருவர் சொன்னதை மின்னியின் வீட்டு அம்மா என்னிடம் திரும்பச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அவருக்கும் அதே பயம்.

பரிசோதனையில் கண்டது

இரண்டு நாள் கழித்து நால்வருமாக வந்தார்கள். பாட்டி ஒரு துணிக்கடை பிளாஸ்டிக் பையில் அந்த பெல்ட்டைக் கொண்டுவந்திருந்தார். எடுத்து மேஜையில் வைத்தார். கொக்கி மூடியபடியே இருந்தது. அறுந்த இடமில்லை, தையல் விடவில்லை. இந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரண பெல்ட்டை எவ்வளவு சரியாகப் போட்டாலும், பின்னுக்கு இழுத்தால் காதை மடக்கிக்கொண்டு கழன்றுவிடும். அந்த பெல்ட்டை ஒரு வருடமாக நான் தடவிப் பார்த்து ஊசி போட்டிருக்கிறேன்.

மின்னி அறை ஓரத்தில் நின்றது. டைல்ஸ் தரையில் கால் பரப்பி, நகம் கிறீச்சிட, உட்காரவும் முடியாமல் நின்றது. எடை 24 கிலோ. அதன் உயரத்துக்கு நான் எதிர்பார்த்தது 19, 20. இரண்டு முழங்கையிலும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் காய்த்து, ஒன்றில் வெடித்திருந்தது. சதைப்பற்றில்லாத நாய் வெறும் தரையில் மாதக்கணக்கில் படுத்தால் வருவது அது. வால் நுனி பால்கனிக் கம்பியில் அடித்து அடித்துப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகியிருந்தது. சங்கிலியைக் கடித்ததில் கோரைப்பல் ஒன்றின் பின்பக்கம் தேய்ந்திருந்தது. கால் தசைகள், ஒன்றேகால் வயது வேட்டை நாய்க்கு இருக்கவேண்டியதைவிட மெலிந்திருந்தன.

கையில் ஒரு பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருந்தது. நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் வேறோர் இடத்தில் காட்டியபோது எடுத்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 56 சதவீதம் என்று இருந்ததால், உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று இரண்டு பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். மற்ற நாய்களுக்கு 37 முதல் 55 வரை இருப்பது வழக்கம். கன்னி போன்ற, கண்ணால் பார்த்துத் துரத்தும் பாய்ச்சல் நாய்களுக்கு இயல்பிலேயே 50க்கு மேல்தான் இருக்கும். அவ்வளவு பிராணவாயுவைச் சுமக்கும் ரத்தம், ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்காக அமைந்தது. அந்த ரத்தத்தோடு அது பால்கனியில் கட்டிக்கிடந்தது.

குணத்தைப் பற்றியும் கேட்டேன். மனிதர்களைக் கடித்ததில்லை. சாப்பிடும்போது கை வைத்தால் உறுமுவதில்லை. ஒரே ஒரு புகார்: தூங்கும்போது மகள் தாண்டிப் போனால் திடுக்கிட்டு எழுந்து பல்லைக் காட்டுகிறது. அதைக் கோபம் என்று நினைத்திருந்தார்கள். ஆழ்ந்து தூங்கும் இந்த வகை நாய்களுக்கு அப்படி விழித்துக்கொள்வது வழக்கம். கண் பாதி திறந்தபடி தூங்கும் என்பதால், விழித்திருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஊருக்கே திருப்பி அனுப்புவது, தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் விடுவது, வீட்டிலேயே வைத்து வளர்ப்பு முறையை மாற்றுவது.

ஊரில் இன்னும் சிலர் இரவில் நாயோடு காட்டுக்குப் போகிறார்கள் என்று அப்பாவே சொன்னார். அங்கே அனுப்பினால் அது குற்றத்துக்குத் துணைபோகும், அல்லது பழக்கமில்லாத நாய் என்று கட்டியே கிடக்கும். தோட்டத்தைப் பற்றி நான் விசாரித்தேன். ஆடு, நாட்டுக்கோழி, வரப்பெல்லாம் மயில். கோயம்புத்தூரின் அந்தப் பக்கத்தில் மயில் இல்லாத தோட்டம் அபூர்வம். பூனையைப் பிடித்த நாயை மயில் மேயும் இடத்தில் அவிழ்த்துவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது. தோட்டத்தில் விட்டுவிடலாம் என்பது நகரத்தார் நாய் விஷயத்தில் சொல்லும் முதல் யோசனை. பெரும்பாலும் அது பிரச்சினையை இன்னொருவர் கோழிக்கூண்டுக்கு மாற்றுவதாகவே முடிகிறது.

மிஞ்சியது மூன்றாவது வழி. அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. மகளின் தோழிகள் வந்துபோகும் வீடு என்றார். அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓடும் சிறு உருவத்தைத் துரத்துவதும் மனிதர்மேல் பாய்வதும் இரண்டு வேறு விஷயங்கள். இந்த நாயிடம் இரண்டாவதன் அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை என்று விளக்கினேன். முதலாவது போகவே போகாது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். பயிற்சியால் வேறு பலவற்றை மாற்றலாம், பூனையை நண்பனாக நினைக்கவைக்க முடியாது. "மூணு மாசம் பாப்போம் சார். அதுக்குமேல என்னால ஒத்துக்க முடியாது" என்றார். அந்தக் கெடு நியாயமானது என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

வெளிநாடுகளில் நாய்ப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெறும் கிரேஹவுண்ட் இன நாய்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2020 முடிவோடு நாய்ப் பந்தயம் நின்றபோதும் அப்படித்தான் போயின. அடுக்கு வீடுகளில்கூட அவை பகலில் பெரும்பகுதி தூங்கியே கழிக்கின்றன. பூனை உள்ள வீட்டுக்குக் கொடுக்குமுன், வாய்ப்பூட்டுப் போட்டுப் பூனைக்கு முன்னால் நிறுத்திச் சோதித்துப் பார்க்கிறார்கள். உடல்வாகில் அவற்றுக்கு நெருங்கியது கன்னி. வீட்டுக்குள் இருப்பது இதற்குத் துன்பமில்லை, ஓடாமல் இருப்பதுதான் துன்பம் என்ற எண்ணத்தில்தான் திட்டம் போட்டேன்.

செய்தவை

முதல் வேலை கழுத்துப்பட்டை. இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் இரட்டை வளையப் பட்டை ஒன்றை, நான் வரைந்துகொடுத்த அளவுக்குப் பை தைக்கும் கடையில் தைத்துவந்தார்கள். அதோடு மார்பைச் சுற்றி ஒரு ஹார்னஸ். இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு.

அடுத்து ஓட்டம். உறவினர் ஒருவர் வீடு கட்ட வாங்கிப்போட்ட மனை ஒன்று பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. நாலு பக்கமும் ஆறடிச் சுவர், இரும்புக் கதவு. வாரம் நான்கு நாள் விடியற்காலையில் அங்கே அவிழ்த்துவிடச் சொன்னேன். வெறுமனே விட்டால் முகர்ந்துகொண்டு நின்றுவிடும். அதனால் மூங்கில் கம்பு நுனியில் கயிறு கட்டி, அதில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டி இழுக்கவேண்டும். நாலைந்து பாய்ச்சல், நடுவில் மூச்சு வாங்க இடைவெளி, கடைசியில் சாக்கைப் பிடிக்க விட்டுவிடவேண்டும். பிடிக்கவே விடாமல் ஏமாற்றினால் வெறிதான் கூடும். வெறும் வயிற்றில் ஓடி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதல் நாள் நானும் போயிருந்தேன். கொஞ்சமாக வெளுத்த வானத்துக்குக் கீழே, ஒன்றேகால் வருடத்தில் முதல்முறையாக அது முழு வேகத்தில் ஓடியது. பாய்ச்சல் நாய் ஓடும்போது நான்கு கால்களும் ஒரு சுற்றில் இரண்டு முறை தரையை விட்டு எழும்: ஒருமுறை உடம்பு வில்லாக வளைந்து, ஒருமுறை அம்பாக நீண்டு. இரண்டு சுற்றுக்குப் பிறகு அதற்கு மூச்சு வாங்கியது. கொழுப்பும் மெலிந்த தசையும் அதற்குமேல் விடவில்லை. அப்பா கம்பைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்குள் சங்கிலியை எடுத்துவிட்டார்கள். பூஜை மாடத்துக்கும் சமையலறைக்கும் இடுப்பளவு கம்பிக் கதவு போட்டதும் பாட்டி சமாதானமானார். ஹால் மூலையில் பழைய பஞ்சு மெத்தை, அதன்மேல் கோணி. நடக்கும் வழியில் ரப்பர் விரிப்பு. தூங்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தொடக்கூடாது, ஹாலில் ஓடிப்பிடித்து விளையாடக்கூடாது என்று மகள் தானே எழுதிச் சுவரில் ஒட்டினாள். சாப்பாடு இரண்டு வேளை, அளந்து: கம்பு அல்லது கேழ்வரகு, கோழி, முட்டை, கொஞ்சம் மோர்.

லிஃப்டிலும் படியிலும் வாய்க்கூடை. ஊரில் தாம்படிக்கிற மாட்டுக்குப் போடுவதைப் போல என்றதும் பாட்டிக்கு உடனே புரிந்தது. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூண்டு வகைதான் வாங்கவேண்டும். உள்ளே தயிர் தடவி நக்கக் கொடுத்துப் பத்து நாளில் பழக்கினார்கள்.

சங்க விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இருக்கிறது. அப்பா அதை அச்செடுத்து வைத்திருந்தார். அதை இப்போது நீட்டவேண்டாம் என்றேன். ஒருவர் வீட்டு உயிர் போயிருக்கிறது. முதலில் முதல் மாடிக்குப் போகச் சொன்னேன். நால்வரும் போனார்கள். அந்த அம்மா கதவைத் திறந்தார், பேசவில்லை. இரண்டாம் முறை போனபோது உள்ளே கூப்பிட்டார். வாய்க்கூடை, இரட்டைக் கயிறு, இறக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகு சங்கமும் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க ஒத்துக்கொண்டது.

பின்னர் நடந்தவை

முதல் இரண்டு வாரம் மோசமாகவே இருந்தது. சங்கிலி இல்லாத மின்னி கதவுச் சட்டத்தைக் கடித்தது, மெத்தையைப் பிய்த்தது, இரவில் ஹாலில் சிறுநீர் கழித்தது. அம்மா இரண்டு தடவை போன் செய்து நிறுத்திவிடலாம் என்றார். நாலாவது வாரத்திலிருந்து காலை ஓட்டம் முடிந்து சாப்பிட்டதும் மத்தியானம் வரை அசையாமல் தூங்கத் தொடங்கியது. "இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார் பாட்டி. மூன்று மாதக் கெடு எப்போது கடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஜூலையில் கருத்தடை அறுவை செய்தேன். கொழுப்புக் குறைந்த இந்த நாய்களின் உடம்பிலிருந்து தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள் மெதுவாகவே வெளியேறும் என்பதால் புரொப்போஃபால் பயன்படுத்தி, எழும்வரை கம்பளி சுற்றி வைத்திருந்தேன். சிக்கலில்லாமல் எழுந்தது. கருத்தடை செய்தால் துரத்தும் குணம் அடங்கும் என்று அப்பா நினைத்திருந்தார். அடங்காது என்று முன்னாலேயே சொல்லிவைத்தேன். செப்டம்பரில் எடை 20 கிலோ. முழங்கைப் புண் ஆறியிருந்தது, வால் நுனியில் ரோமம் முளைத்திருந்தது.

அதற்கடுத்த மாதம்தான் உண்மையான சோதனை. முதல் மாடி அம்மா ஒரு பூனைக்குட்டி வளர்க்கத் தொடங்கியிருந்தார். லிஃப்ட் கதவு திறந்த நேரம் அது குறுக்கே ஓடியது. மின்னி ஓசையில்லாமல் பாய்ந்தது. அப்பா முழங்கால் மடங்கி விழுந்தார். பட்டையும் ஹார்னஸும் பிடித்துக்கொண்டன. வாய்க்கூடை குட்டியின் முதுகில் மோதியது. குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எட்டு மாதம் ஒழுங்காக ஓடி, தின்று, தூங்கிய நாயின் உள்ளே அந்த ஒரு விஷயம் அப்படியே இருந்தது. இறக்கும் நேரத்தை முன்கூட்டியே முதல் மாடிக்குப் போனில் சொல்வது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டார்கள்.

இன்று செய்வதானால்

முதல் தடுப்பூசிக்கு வரும்போதே, எங்கே ஓடும் என்று கேட்பேன். இப்போது வேட்டை இனக் குட்டி யார் கொண்டுவந்தாலும் கேட்கிறேன். சுவர் சூழ்ந்த இடம் ஒன்றைச் சொல்ல முடியாதவர்களிடம், குட்டி இன்னும் வாங்காத நிலையில் வந்தால், வேண்டாம் என்றே சொல்கிறேன். கழுத்துப்பட்டையைக் கழற்றி, மறுபடி போட்டு, பின்னுக்கு இழுத்துக் காட்டுகிறேன். நொடியில் கழன்று என் கைக்கு வருவதைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் முதல் நாளே பேச்சில் சேர்த்துக்கொள்வேன். கம்பிக் கதவு யோசனை எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பால்கனியே தேவைப்பட்டிருக்காது. பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பூனை, முயல், பறவை வளர்க்கும் வீட்டுக்கும், அக்கம்பக்கத்தில் அவை தாராளமாகத் திரியும் குடியிருப்புக்கும் இந்த இனத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இந்தக் குடும்பம் சமாளிக்கிறது. அதற்கு ஒவ்வொரு நாளும் இரண்டு கயிறும் ஒரு வாய்க்கூடையும் தேவைப்படுகின்றன.

2024 நவம்பரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக மின்னி வந்தது. எடை 19.6. பாட்டிதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். போகும்போது அப்பா ஒரு கவலையைச் சொன்னார். உறவினர் அந்த மனையில் தை பிறந்ததும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப்போகிறாராம். வேறு சுற்றுச்சுவர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி மைதானம் ஒன்றை விடுமுறை நாட்களில் கேட்டுப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.